கையால் வயரிங் செய்த ஆம்ப்பா, பிசிபி ஆம்ப்பா?

ஆறாம்தந்தி:
1960களின் சர்க்யூட்டைப் பின்பற்றும் வால்வு (வெற்றிடக் குழாய்) கிடார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. '65 என்ற பெயரில் வருவது பிசிபியில், அதாவது செப்புத் தடங்கள் அச்சிட்ட பலகையில், கட்டப்பட்டது. '64 கஸ்டம் கையால் வயரிங் செய்யப்பட்டது, விலையும் மிகக் கூடுதல். ஒரே கிடாரை வைத்துக்கொண்டு, ஒரே அறையில் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்த்தேன். கையால் வயரிங் செய்ததுதான் மனத்துக்குப் பிடித்தது. கொடுக்கப்போகும் கூடுதல் பணம் அந்த வயரிங்குக்கு உண்மையிலேயே தகுமா, அல்லது பெயருக்காகக் கொடுப்பதா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ட்வீட்துணி:
பிடித்தது என்று நீங்களே எழுதிவிட்ட பிறகு விசாரணை எதற்கு, நண்பரே? நம் காதில் ஒலிக்கும் ராக் இசையின் அடித்தளமான ஆம்ப்கள் பெரும்பாலும் கையால் கட்டப்பட்டவை. 1950களின் இறுதியில் வந்த ஃபெண்டர் பேஸ்மேன் 5எஃப்6-ஏ, அதன் சர்க்யூட்டை ஒட்டி உருவான மார்ஷல் ஜேடிஎம்45, வாக்ஸ் ஏசி30 ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் ஒரு மனிதர் கையில் எடுத்து, காலை வளைத்து, ஈயம் வைத்துச் சேர்த்திருக்கிறார். மெல்லிய செப்புப் படலத்தின் வழியாகச் செல்லும் சிக்னலும் தடித்த கம்பி வழியாகச் செல்லும் சிக்னலும் ஒன்றாக இருக்க முடியாது. விரல் தந்தியைத் தொடும்போது ஆம்ப் பதில் சொல்லும் விதத்தில் அந்த வேறுபாடு தெரியும். அளவுகருவியில் தெரியாவிட்டால் அது கருவியின் குறை.

செப்புத்தடம்:
பிசிபி வடிவமைப்பதே என் தொழில் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குரிய சாய்வு என்னிடம் இருக்கலாம். ஆனால் ஆறாம்தந்தி ஒப்பிட்டது வயரிங்கை அல்ல. '65இல் இருப்பது ஜென்சன் சி12கே ஸ்பீக்கர், '64 கஸ்டமில் இருப்பது சி12கியூ. பின்னதில் ரிவெர்பும் (எதிரொலி) டிரெமலோவும் (ஒலி ஏறி இறங்கும் துடிப்பு) இரண்டு சானல்களுக்கும் வரும்படி சர்க்யூட்டையே மாற்றியிருக்கிறார்கள். ஸ்பீக்கர் வேறு, சர்க்யூட் வேறு என்றிருக்கையில் கேட்ட வேறுபாட்டை முழுவதுமாகக் கம்பியின் கணக்கில் எழுதுவது நியாயமல்ல.

தடிமனைப் பற்றி ஒரு வார்த்தை. பிசிபியில் செப்புப் படலம் வழக்கமாக 35 மைக்ரான்; வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் மின்னோட்டம் போகும் இடங்களில் 70 மைக்ரான் போடுவதும் உண்டு. கிடார் சிக்னலைப் பெருக்கும் 12ஏஎக்ஸ்7 வால்வின் பிளேட்டில் (வெளியீட்டு முனை) ஓடுவது ஒரு மில்லி ஆம்பியர் அளவிலான மின்னோட்டம். அதன் பாதையில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. செப்புத் தடத்தின் தடையோ ஓமில் மிகச் சிறிய பின்னம். கடலில் கரைத்த பெருங்காயம் என்பார்களே, அது இதுதான்.

ட்வீட்துணி:
தடையை விடுங்கள். அடுத்தடுத்து ஓடும் தடங்களுக்கு இடையே கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்குத் திறன்) சேரும் என்பதை ஒப்புக்கொள்வீர்களா, மாட்டீர்களா?

செப்புத்தடம்:
ஒப்புக்கொள்கிறேன், உங்கள் தரப்பின் வலுவான வாதமே அதுதான் என்பதால் கணக்கோடு எழுதுகிறேன். 12ஏஎக்ஸ்7 வால்வுக்குள்ளேயே பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் (சிக்னல் நுழையும் முனை) இடையே ஏறத்தாழ 1.6 பிக்கோஃபாரட் இருக்கிறது. வால்வு சிக்னலை 60 மடங்கு பெருக்கினால், மில்லர் விளைவின்படி அந்தச் சிறு அளவு கிரிட்டில் சுமார் 100 பிக்கோஃபாரட்டாகத் தெரியும். 1 மெகாஓம் வால்யூம் பாட்டின் (குமிழால் திருப்பும் மாறுதடை) தடை நடுவில் பிரியும் நிலையில் அதன் பின் நிற்கும் வால்வு காண்பது 250 கிலோ ஓம். இந்த இரண்டும் சேர்ந்து 6400 ஹெர்ட்ஸ் அருகே உயர் அதிர்வெண்களை இறக்கத் தொடங்கும். இப்போது வடிவமைப்பாளர் கவனக்குறைவாகப் பிளேட் தடத்தையும் கிரிட் தடத்தையும் சில சென்டிமீட்டர் ஒட்டி ஓடவிட்டு, ஒரே ஒரு பிக்கோஃபாரட்டைக் கூட்டிவிட்டார் என்று கொள்ளுங்கள். அதுவும் அறுபது மடங்காகி, மொத்தம் 160ஐத் தொடும். இறக்கம் 4000 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். இதைக் கேட்க நல்ல காது கூட வேண்டாம், சாதாரணக் காதே போதும்.

ஆனால் கவனியுங்கள்: கையால் வயரிங் செய்யும்போது அதே இரண்டு கம்பிகளைச் சேர்த்துக் கட்டினாலும் இதே விளைவுதான் வரும். குற்றவாளி இடஅமைப்பு, பலகை அல்ல. நல்ல இடஅமைப்பை ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் பிசிபி அதை ஆயிரம் ஆம்பிலும் பிசகாமல் திருப்பித் தரும். கையோ திங்கட்கிழமை ஒரு மாதிரியும் வெள்ளிக்கிழமை வேறு மாதிரியும் இருக்கும்.

ட்வீட்துணி:
ஹைவாட் ஆம்ப்களுக்கு ஹாரி ஜாய்ஸ் செய்த வயரிங்கை ஒரு முறை திறந்து பாருங்கள். ஒவ்வொரு கம்பியும் அளவெடுத்து வளைத்ததுபோல் செங்கோணத்தில் திரும்பும். அந்தக் கைகளுக்கு வெள்ளிக்கிழமை கிடையாது. தவிர, கையால் கட்டியதில் ஆம்ப் ஊளையிட்டால் மரக்குச்சியால் கிரிட் கம்பியைச் சற்றே நகர்த்தி, கேட்டுக்கொண்டே சரியான இடத்தைக் கண்டுபிடிக்கலாம். உங்கள் செப்புத் தடத்தை எந்தக் குச்சியால் நகர்த்துவீர்கள்?

செப்புத்தடம்:
நகர்த்த வேண்டிய தேவை வராமல் வரைவதுதான் என் வேலை. 1981இல் வந்த மார்ஷல் ஜேசிஎம்800 பிசிபியில் கட்டப்பட்டது. 1987இல் வந்த சோல்டானோ எஸ்எல்ஓ-100 அதே வகை. அவற்றின் ஒலியைத் தேடி அலைகிறவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

ஈயப்புகை:
ஆம்ப் பழுது பார்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. இருவரும் ஒலியைப் பற்றியே வாதிடுகிறீர்கள். என் மேசைக்கு வரும் ஆம்ப்கள் வேறு கதை சொல்கின்றன.

முதலில் ஒரு சொல் திருத்தம். கையால் வயரிங் செய்ததையெல்லாம் பாயின்ட் டு பாயின்ட் என்று விற்கிறார்கள். உறுப்புகளின் கால்களையே சாக்கெட்டுக்கும் டேக் ஸ்ட்ரிப்புக்கும் (இணைப்பு முனைகள் கொண்ட பட்டை) நேரடியாக இழுத்துப் பற்றவைப்பதுதான் உண்மையில் பாயின்ட் டு பாயின்ட். பழைய ஃபெண்டரில் இருப்பது ஐலெட் (உலோகக் கண்) பதித்த ஃபைபர் பலகை, மார்ஷலில் டரெட் (சிறு உலோகத் தூண்) பலகை. இரண்டுமே பலகைகள்தான், செப்பு அச்சிடப்படவில்லை, அவ்வளவே.

சென்ற மாதம் ஒரு பிசிபி ஆம்ப் வந்தது. கரகரக்கும் வால்யூம் பாட் ஒன்றை மாற்ற வேண்டும். அதற்காக எட்டு குமிழ்களைக் கழற்றினேன், எட்டு நட்டுகளைக் கழற்றினேன், ஜாக்குகளின் நட்டுகளையும் எடுத்தேன். பிறகு பலகையைப் பிடித்திருந்த திருகுகள், இரண்டு ரிப்பன் கேபிள்கள். பாட்டின் மூன்று கால்களில் ஒன்றை உருவியபோது அதைச் சுற்றியிருந்த செப்பு வளையமும் ஈயத்தோடு உரிந்து வந்தது, முன்பே யாரோ இருமுறை அங்கு சூடு வைத்திருந்தபடியால். அரை நாள் போயிற்று. பழைய ஐலெட் ஆம்பில் இதே வேலை கால் மணி நேரம்: மூன்று கம்பிகள், ஒரு நட்டு.

இன்னொன்று சூடு. வால்வு சாக்கெட்டைப் பலகை மீதே பற்றவைத்திருந்தால், ஒவ்வொரு முறை ஆம்ப் சூடாகி ஆறும்போதும், வால்வைப் பிடுங்கிச் செருகும்போதும் அந்தப் பற்றுகள் அசைகின்றன. இஎல்84 போல் கொதிக்கும் வால்வுக்குக் கீழே பலகை பழுப்பேறி, பற்றைச் சுற்றி மயிரிழை வட்டமாகப் பிளந்திருப்பதை உருப்பெருக்கியில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். ஆகவே ஆறாம்தந்திக்கு நான் சொல்வது: பிசிபியா என்று கேட்காதீர்கள். சாக்கெட்டுகளும் பாட்டுகளும் சேஸிஸில் (உலோகச் சட்டகம்) திருகப்பட்டுக் கம்பியால் பலகைக்கு வருகின்றனவா என்று கேளுங்கள். அப்படி இருந்தால் அந்தப் பிசிபி ஆம்பை நானே வாங்குவேன்.

செப்புத்தடம்:
பாட்டைப் பலகையில் நட்டது செலவு குறைக்க. அதை நான் நியாயப்படுத்தப்போவதில்லை.

ட்வீட்துணி:
ஈயப்புகை ஐயா என் பக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஈயப்புகை:
அவசரப்படாதீர்கள். உங்கள் பழைய ஆம்ப் மழைக்காலத்தில் மட்டும் பொரிவதுபோல் சத்தமிடுகிறது என்று வேறோர் இழையில் எழுதியிருந்தீர்கள் அல்லவா? உயர் மின்னழுத்த வேலையில் பழக்கம் உள்ளவர் என்பதால் சொல்கிறேன். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைச் சேஸிஸில் கவ்வவிட்டு, ஒரு கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையை ஃபைபர் பலகையில் ஐலெட்டே இல்லாத வெற்றிடத்தில், பிளேட் ரெசிஸ்டருக்கு அருகே வைத்துப் பாருங்கள். அங்கே பூஜ்ஜியம் காட்ட வேண்டும்.

ட்வீட்துணி:
பார்த்தேன். 12 வோல்ட் காட்டுகிறது. எதுவும் இணைக்கப்படாத வெறும் பலகையில்.

ஈயப்புகை:
பலகை ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கசியவிடுகிறது. அந்த வகை ஃபைபரை மெழுகில் தோய்த்துத்தான் போட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் எந்த மெழுகும் தாங்காது. அந்தக் கசிவு அருகிலிருக்கும் கிரிட்டுக்குச் சென்றால் வால்வின் பயஸ் (அதன் இயக்க நிலையை நிர்ணயிக்கும் மின்னழுத்தம்) நகரும், பொரியும் சத்தம் வரும். ஆம்பை அணைத்து, கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்னூட்டத்தை வடித்துவிட்டு, முடி உலர்த்தும் கருவியால் பத்து நிமிடம் சூடு காட்டி மீண்டும் அளந்து பாருங்கள்.

ஆறாம்தந்தி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். செப்புத்தடம் சொன்னதைக் கேட்டு மறுபடியும் போய் முயன்றேன். இரண்டுக்கும் 8 ஓம் ஸ்பீக்கர்தான் என்பதால், '64இன் ஸ்பீக்கரிலேயே முதலில் அதையும், பிறகு '65ஐயும் இணைத்துக் கேட்டேன். மாற்றும் முன் ஒவ்வொரு முறையும் ஆம்பை அணைத்துவிட்டேன். முதல் நாள் கேட்ட வேறுபாட்டில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆனால் அது எதனால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. '65ஐ வாங்கிக்கொண்டு ஸ்பீக்கரை மட்டும் மாற்றலாம் என்ற எண்ணம் வலுக்கிறது. வாங்கும் முன் பின்பலகையைத் திறந்து, ஈயப்புகை சொன்ன சாக்கெட்டுகளைப் பார்த்துவிடுவேன்.

ட்வீட்துணி:
சூடு காட்டிய பிறகு 3 வோல்ட். பொரிதலும் அடங்கியிருக்கிறது. ஆனால் அடுத்த மழைக்குத் திரும்பி வரும் என்றுதானே சொல்லப்போகிறீர்கள்?

ஈயப்புகை:
ஆம். பலகையை மாற்றுவதுதான் நிரந்தர வழி. உறுப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய டரெட் பலகைக்கு இடம்பெயர்த்துவிடலாம். கையால் வயரிங் செய்த ஆம்பாகவே இருக்கும், கவலை வேண்டாம்.

ட்வீட்துணி:
புதிய பலகை எதனால் ஆனது?

ஈயப்புகை:
கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்த எஃப்ஆர்-4. ஈரம் அவ்வளவாக ஏறாது.

செப்புத்தடம்:
நான் நாள்தோறும் வரைவது அந்தப் பலகைக்குத்தான், ட்வீட்துணி.

ட்வீட்துணி:
செப்பு ஒட்டாதவரை எனக்குச் சம்மதம்.