கதை சொன்னவர் சொன்னபடியே எழுதுவதா, திருத்தி எழுதுவதா? லூசெல் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வாக்குவா டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். பிரான்சுவா-மாரி லூசெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரைப் பற்றி இங்கே யாராவது நன்றாகப் படித்திருக்கிறீர்களா? 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மேற்கே உள்ள பிரிட்டானி கிராமங்களில் அலைந்து குடியானவர்களிடம் கதையும் பாட்டும் கேட்டு எழுதியவர் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். அவர் எப்படி வேலை செய்தார், யாரிடம் கேட்டார், கேட்டதை எந்த அளவுக்கு மாற்றினார் என்பதெல்லாம் தெரிய வேண்டும்.

ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் பெரியம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இங்கே மொரீஷியஸில் கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர். அவர் சொல்லும் கதைகளை எழுதி வைக்க ஆரம்பித்திருக்கிறேன். பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் தீவின் கிரியோல் மொழியில்தான் சொல்வார், ஆனால் பாட்டு வரும் இடத்தில் தமிழுக்கு மாறிவிடுவார், சாபம் கொடுக்கும் இடமும் தமிழ்தான். அவர் கதையில் வரும் ராஜாவுக்கு மந்திரி கிடையாது, சிர்தார் (தோட்டத்துக் கங்காணி) உண்டு. ராஜகுமாரி அழுதுகொண்டு உட்காருவது ஆலையின் புகைபோக்கிக்குக் கீழே. எனக்கு இதெல்லாம் ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் எழுதியதை வகுப்பில் படித்துக் காட்டலாம் என்று சொன்னபோது உடன் வேலை செய்கிற ஒருவர், "இது கதை கெட்டுப்போன வடிவம், ஊரில் இருந்து வந்த மூலக் கதையைத் தேடிப் பிடித்து நல்ல தமிழில் எழுதுங்கள்" என்றார். அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. திருத்தலாமா, கூடாதா?

ரென் முத்து:

வணக்கம் டீச்சர். நான் பிறந்தது ரோஸ் ஹில், இப்போது இருப்பது பிரிட்டானியின் ரென் நகரம். லூசெல் படித்த ஊர் இது, அவரைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு நிறுத்தத் தெரியாது, கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பிறந்தது 1821இல், ப்ளூவாரே என்ற ஊருக்குப் பக்கத்தில் கெராம்போர்ன் என்ற பண்ணை வீட்டில். குடும்பம் ஓரளவு வசதியானது, ஆனால் வீட்டுப் பேச்சு பிரிட்டானியின் சொந்த மொழியான பிரெட்டன்தான். குளிர்கால இரவுகளில் அந்த வீட்டு அடுப்பங்கரையில் வேலைக்காரர்கள், அக்கம்பக்கத்தார், இரவு தங்க வந்த பிச்சைக்காரர்கள் எல்லோரும் கூடுவார்கள், ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் நூல் நூற்றபடி கேட்பார்கள். கரந்தெல் என்று ஒரு பார்வையற்ற பாடகர் அந்த வீட்டுக்கு வந்து பாடுவார், அவர் பாடியதை லூசெல் 1844இலேயே எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கதைகளை அவர் நகரத்திலிருந்து போய்க் கண்டுபிடிக்கவில்லை, அவை அவர் கேட்டு வளர்ந்தவை. உங்கள் நிலைமையும் அதேதானே.

வாழ்க்கை சுகமாக அமையவில்லை. பள்ளி ஆசிரியர் வேலை, ஊர் ஊராக மாற்றம், இடையில் பத்திரிகை, கொஞ்ச காலம் தாவுலாஸ் என்ற ஊரில் சிறு வழக்குகளைத் தீர்க்கும் நீதிபதி. 1881இல்தான் கெம்பேர் நகரில் மாவட்ட ஆவணக் காப்பாளர் பதவி கிடைத்தது, அப்போது அவருக்கு அறுபது வயது. அதுவரை அரசாங்கம் அவ்வப்போது கொடுத்த சிறு தொகையை வைத்துக்கொண்டு நடந்தே கிராமங்களைச் சுற்றினார். 1868லும் 1874லும் கதைப்பாடல்கள் இரண்டு தொகுதி, ஒரு பக்கம் பிரெட்டன், எதிர்ப்பக்கம் பிரெஞ்சு. ஒரே பாட்டை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பாடினால் இரண்டையும் அச்சிட்டார், எது 'சரியான' பாட்டு என்று தீர்ப்புச் சொல்லவில்லை. 1887இல் கீழ்ப் பிரிட்டானியின் (பிரெட்டன் பேசும் மேற்குப் பகுதி) நாட்டுப்புறக் கதைகள், மூன்று தொகுதி.

அந்தக் கதைப் புத்தகத்தைத் திறந்து ஏதாவது ஒரு கதையின் கடைசி வரிக்குப் போங்கள். அடைப்புக்குறிக்குள் இன்னார் சொன்னது, இன்ன தொழில், இன்ன ஊர், இன்ன மாதம், இன்ன ஆண்டு என்று இருக்கும். நெசவாளி, வீட்டு வேலைக்காரி, பிச்சை எடுப்பவர் என்று தொழிலோடு பெயர் வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பெயர் பாரிஸில் அச்சான புத்தகத்தில். அந்தக் காலத்தில் மற்றவர்கள் பலர் "மக்கள் சொல்வது" என்று மொட்டையாக எழுதிவிட்டுப் போனார்கள். நான் லூசெலை மதிப்பது முதலில் இதற்காகத்தான்.

அவருக்கு அதிகமாகக் கதை கொடுத்தவர் மார்கரீத் பிலிப் என்ற பெண், ப்ளூசுனே ஊர், 1837இல் பிறந்தவர். அவர் செய்த தொழிலைக் கேளுங்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை, கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள், ஆனால் நடக்க முடியாது என்றால் இவருக்குக் காசு கொடுப்பார்கள். இவர் அவர்களுக்குப் பதிலாக அந்தப் புனிதரின் கோயிலுக்கோ சுனைக்கோ நடந்து போய் நேர்த்திக்கடனை முடித்து வருவார். மற்ற நேரத்தில் நூல் நூற்பார். இப்படி ஊர் ஊராக நடக்கிறபோது தங்குகிற வீட்டில் எல்லாம் கதை கேட்பார், கேட்டது மனதில் அப்படியே நிற்கும். உண்மையில் சேகரித்தவர் அந்த அம்மாதான், லூசெல் அதைத் தாளில் இறக்கினார் என்றே சொல்வேன்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: திருத்தாதீர்கள். ஆலைப் புகைபோக்கியை எடுத்துவிட்டு அரண்மனை நந்தவனம் போட்டால் பெரியம்மா அந்தக் கதையிலிருந்து வெளியே போய்விடுவார்.

தெய்வா:

முத்து அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனால் லா வில்மார்க்கேயை விட்டுவிட்டீர்களே. அவரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

டீச்சர், லூசெலுக்கு முன்பே 1839இல் லா வில்மார்க்கே என்ற இளம் பிரபு 'பர்சாஸ் பிரேஸ்' என்று ஒரு பிரெட்டன் பாடல் தொகுப்பு கொண்டுவந்தார். அவ்வளவு அழகான பாடல்கள், பிரெஞ்சு நாவலாசிரியர் ஜோர்ஜ் சாண்ட் படித்துவிட்டு வியந்து எழுதினார். அதுவரை பிரெட்டன் என்றால் வேலைக்காரர்கள் மொழி என்று பாரிஸில் கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். லூசெலும் முதலில் அந்தப் புத்தகத்தைக் கொண்டாடியவர்தான். அப்புறம் அதே ஊர்களில் வருஷக்கணக்காகத் தேடிப் பார்த்தும் அந்த வடிவத்தில் ஒரு பாட்டும் கிடைக்கவில்லை. கிடைத்தவை எல்லாம் உடைந்தவை, கரடுமுரடானவை, அந்தப் புராதன வீரர்களின் பெயரே இல்லாதவை. 1872இல் சென்-பிரியே மாநாட்டில் எழுந்து நின்று அந்தப் பாடல்களின் நம்பகத்தன்மையைக் கேள்வி கேட்டு ஒரு கட்டுரை படித்தார். பெரிய சண்டை ஆகிவிட்டது, ஊரைக் காட்டிக்கொடுத்தவன் என்கிற மாதிரி அவரைப் பேசினார்கள். லா வில்மார்க்கே பகிரங்கமாகப் பதில் சொல்லவே இல்லை. இருவரும் இறந்தது ஒரே ஆண்டில், 1895.

கதை இங்கே முடியவில்லை. 1964இல் தோனாசியன் லோரான் என்ற ஆய்வாளர் லா வில்மார்க்கே குடும்பத்தாரிடமிருந்த அவருடைய களக்குறிப்பேடுகளைப் பார்த்தார். பார்த்தால், மனிதர் நிஜமாகவே கிராமத்தில் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார்! சும்மா உட்கார்ந்து புனையவில்லை. கேட்டதை அச்சுக்குக் கொடுக்கும்போதுதான் சேர்த்து, வெட்டி, மெருகேற்றியிருக்கிறார்.

அதனால் நான் திருத்துவதை ஒரேயடியாகக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் கையில் கொடுக்கிற புத்தகம் படிக்க நன்றாக இருக்க வேண்டும். இந்தத் தீவில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் என்றால் காவடி அன்று பாடுகிற பாட்டு, பள்ளியில் ஒரு பாடம், அவ்வளவுதான் என்று ஆகிக்கொண்டிருக்கிறது. ஒரு நல்ல தமிழ்க் கதைப் புத்தகம் அவர்களுக்குத் தருகிற பெருமையைக் குறைத்து எடைபோடாதீர்கள். இன்னொன்று, லூசெலும் கதைகளைப் பிரெஞ்சில்தானே வெளியிட்டார்? பிரெட்டனில் எழுதிவைத்த அவருடைய கதை ஏடுகள் அவர் போய் வெகுகாலம் கழித்துத்தானே அச்சேறின? மொழிபெயர்ப்பதும் ஒரு வகை மாற்றம்தான்.

ரென் முத்து:

தெய்வா, நியாயமான பேச்சு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லூசெல் அந்த ஏடுகளைத் தூக்கி எறியவில்லை. அதனால்தான் நூறு வருஷத்துக்குப் பிறகு பிரான்சுவாஸ் மோர்வானால் அவர் எழுத்துகளைத் தொகுத்துப் பதிப்பிக்க முடிந்தது. லா வில்மார்க்கேயின் பெயரைக் காப்பாற்றியதும் அவர் எடுத்த முதல் குறிப்புகள்தான். மெருகேற்றிய புத்தகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கேட்டபடி எழுதிய ஏடு இல்லையென்றால் பின்னால் வருகிறவர்களுக்கு எதுவும் மிஞ்சாது. டீச்சர் பிள்ளைகளுக்காகத் தனியாக ஒன்று எழுதட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. பெரியம்மா சொன்னது சொன்னபடி வேறொரு நோட்டில் இருக்கட்டும்.

கெட்டுப்போன வடிவம் என்று சொன்னாராமே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. லூசெலின் தொகுப்பில் 'பளிங்குக் கோட்டை' என்று ஒரு கதை. ஏழைக் குடும்பத்துப் பெண்ணை சூரியனைப் போல ஜொலிக்கிற ஒருவன் கட்டிக்கொண்டு போகிறான். அவள் கடைசித் தம்பி அவளைப் பார்க்கப் போகிறான், மைத்துனனோடு ஒரு நாள் பயணம் புறப்படுகிறான். வழியில் வெறும் மணலும் கல்லும் உள்ள இடத்தில் மாடுகள் கொழுத்துத் திரிகின்றன. இன்னோரிடத்தில் இடுப்பளவு புல், அதற்குள் எலும்பும் தோலுமான மாடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன. இருப்பது போதும் என்கிற ஏழைகள் முதல் கூட்டம், எவ்வளவு இருந்தாலும் போதாது என்கிற பணக்காரர்கள் இரண்டாவது என்று மைத்துனன் பிறகு விளக்குகிறான். தம்பி ஊருக்குத் திரும்பினால் வீடே இல்லை, அவன் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் செத்துப் பல தலைமுறை ஆகிவிட்டது. எங்கிருந்தோ வந்த மிகப் பழைய கதை, அதற்குள் ஏழை விவசாயி தினம் பார்க்கிற மாடும் மேய்ச்சலும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அதைக் கெட்டுப்போனது என்று யாராவது சொல்வார்களா? சிர்தாரும் அதே மாதிரி வந்தவர்தான்.

மஹெபூர்க் வாசகன்:

இவ்வளவு தூரம் பிரிட்டானிக்குப் போய்விட்டு நம் ஊர் ஆளை யாருமே சொல்லவில்லையே. சார்ல் பேசாக்! போர்ட் லூயிஸ் ரோயல் கொலேஜில் பிரெஞ்சு ஆசிரியராக இருந்தவர். அவருடைய 'மொரீஷியஸ் தீவின் நாட்டார் வழக்கு' 1888இல் பாரிஸில் மெசோன்னேவ் பதிப்பகத்தில் வந்தது. லூசெலின் கதைகள் வந்த அதே வரிசையில்! உலக மக்களின் நாட்டார் இலக்கியம் என்று அவர்கள் ஒரு வரிசை நடத்தினார்கள், அதில் லூசெலின் மூன்று தொகுதிக்கு அடுத்ததாக வந்தது பேசாக் புத்தகம்தான். நூலக அலமாரியில் பிரிட்டானிக் குடியானவர்களும் நம் தீவின் கரும்புத் தோட்டக்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம்.

பேசாக்கும் ஒரு பக்கம் கிரியோல், எதிர்ப்பக்கம் பிரெஞ்சு என்று அச்சிட்டார். முயல், ஆமை, சிங்கம் எல்லாம் கிரியோலிலேயே பேசும். ஆனால் கிரியோலை அவர் பிரெஞ்சின் சிதைவாகத்தான் பார்த்தார், 1880இல் அவர் எழுதிய இலக்கண நூலின் தலைப்பிலேயே 'பாத்துவா' (கொச்சைப் பேச்சு) என்றுதான் இருக்கிறது. அப்படி நினைத்தவர்கூட கதையை எழுதும்போது கிரியோலை விடவில்லை. அதனால்தான் 1880களில் இங்கே எப்படிக் கதை சொன்னார்கள் என்று இன்று நமக்குத் தெரிகிறது.

டீச்சர், நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். எழுதுவதோடு நிறுத்தாமல் போனில் பதிவு செய்யுங்கள். முத்து சொன்ன மார்கரீத் பிலிப்பின் குரலே இருக்கிறது, தெரியுமா? 1900இல் பிரான்சுவா வாலே என்பவர் மெழுகு உருளையில் அந்த அம்மாவின் பாட்டைப் பதிவு செய்தார். அந்த அம்மா 1909இல் இறந்துவிட்டார், குரல் நிற்கிறது. மெழுகு உருளையிலேயே அது முடிந்திருக்கிறது, நம் கையில் இருக்கிற போனுக்கு என்ன குறை? பெரியம்மா பாட்டுக்குத் தமிழில் மாறுகிற இடம் இருக்கிறதே, அந்த ராகத்தை எந்த எழுத்திலும் எழுத முடியாது.

வாக்குவா டீச்சர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. முத்து அண்ணா, மார்கரீத் பிலிப் பற்றி எழுதியதைப் பெரியம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். அடுத்தவர் நேர்த்திக்கடனுக்காக நடந்தவர் என்றதும், "அந்த அம்மாவுக்குக் கால் வலிக்கும்போது யார் நடந்தார்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

தெய்வா, பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் கட்டாயம் வேண்டும், அதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் முதலில் நோட்டு. ஒவ்வொரு கதைக்கும் கீழே பெரியம்மா பெயர், ஊர், சொன்ன மாதம், ஆண்டு போடப்போகிறேன். தொழில் என்ன போடட்டும் என்று கேட்டேன், "கரும்பு வெட்டினேன், அதையே போடு" என்றார். கிரியோல் பகுதியை இப்போது பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற எழுத்துமுறையில் எழுதலாம் என்றிருக்கிறேன், தமிழ்ப் பாட்டைத் தமிழ் எழுத்தில். ஒரே பக்கத்தில் இரண்டு எழுத்தும் வந்தால் படிக்கிறவர்களுக்குச் சிரமமாக இருக்குமா?

மஹெபூர்க் வாசகன்:

இருக்காது. நம் பிள்ளைகள் ரூபாய் நோட்டிலேயே மூன்று எழுத்தைப் பார்த்து வளர்கிறவர்கள். பேசாக் புத்தகம் காப்புரிமை தீர்ந்தது, பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். கதைகளோடு அதில் சிரந்தான்களும், அதாவது கிரியோல் விடுகதைகளும் இருக்கின்றன, நின்றுகொண்டிருக்கும் தண்ணீர் எது, கரும்பு, தொங்குகிற தண்ணீர் எது, தேங்காய் என்று போகும். உங்கள் வகுப்பில் அங்கிருந்து தொடங்குங்கள், பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் இன்னும் பத்து விடுகதை கேட்டுக்கொண்டு வருவார்கள்.