நம்ம வீடு குழு: யாழினி எதில் சேரலாம்?

செந்தில்: எல்லாருக்கும் வணக்கம். யாழினிக்கு இரண்டு கல்லூரியில் இடம் வருகிறது. ஒன்றில் பி.எஸ்சி. ரேடியாலஜி, இன்னொன்றில் பி.எஸ்சி. நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜி, அதாவது கதிரியக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுக்கிற படிப்பு. அவளுக்கு இரண்டாவதில்தான் ஆசை. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டணும். தேன்மொழி, நீ அந்த வேலையில்தானே இருக்கிறாய், கொஞ்சம் விவரம் சொல்லும்மா.

ராஜேந்திரன் மாமா: செந்தில், நான் வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்கு இதில் விருப்பம் இல்லை. போன வருடம் லட்சுமிக்கு எலும்பு ஸ்கேன் எடுத்த அன்றைக்குப் பேரனைத் தூக்க வேண்டாம், தள்ளியே இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு நாள் ஊசி போட்டவளுக்கே அப்படி என்றால், தினமும் அந்த மருந்தோடு நிற்கிற பெண்ணுக்கு என்ன ஆகும்? நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று இருக்கிறதே.

லட்சுமி அத்தை: ஆமாம் தேனு, ஊசி போட்டுவிட்டு மூன்று மணி நேரம் உட்கார வைத்து நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். எனக்கும் அன்றைக்குப் பயமாகத்தான் இருந்தது.

தேன்மொழி: மாமா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அத்தைக்குப் போட்டது டெக்னீசியம் 99எம் என்ற கதிரியக்க மருந்து. 6 மணி நேரத்துக்கு ஒரு முறை அது பாதியாகக் குறையும், அதாவது காலை 6 மணிக்கு 100 பங்கு என்றால் 12 மணிக்கு 50, மாலை 6 மணிக்கு 25, மறுநாள் காலையில் 6 பங்குதான் மிச்சம், இது போகச் சிறுநீரிலும் வெளியேறிவிடும், தண்ணீர் குடிக்கச் சொன்னது அதற்காகத்தான். மார்போடு அணைத்துத் தூக்கினால் குழந்தை மேல் தேவையில்லாமல் கதிர் படும், அதனால்தான் அந்த ஒரு நாள் எச்சரிக்கை. எங்களுக்கும் அதே கணக்குதான். மருந்தைக் கையாளும் நேரத்தைக் குறைக்கிறோம், தள்ளி நிற்கிறோம், நடுவில் ஈயம் வைக்கிறோம். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்வாசியாகிவிடும்.

தேன்மொழி: அப்புறம், அளவு பார்க்காமல் யாரையும் வேலை வாங்க முடியாது. நெஞ்சில் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் குத்தியிருப்போம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை அனுப்பி எவ்வளவு பட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு 5 வருடத்துக்கு 100 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரின் அளவு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது. கர்ப்பம் என்று சொன்ன பிறகு, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு. அதனால் சொன்னவுடனே வேலையை மாற்றித் தருவார்கள். தயங்காமல் சீக்கிரம் சொல்வதுதான் முக்கியம்.

ராஜேந்திரன் மாமா: சரி, இவ்வளவு கட்டுப்பாடு இருப்பது எனக்குத் தெரியாது. ஆனாலும் ரேடியாலஜி இருக்கும்போது இது எதற்கு?

யாழினி: மாமா, எக்ஸ்ரேயில் உறுப்பு எப்படி இருக்கிறது என்று தெரியும், இதில் அது எப்படி வேலை செய்கிறது என்றே பார்க்கலாம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அக்கா, காலையில் போனதும் உங்களுக்கு என்ன வேலை?

தேன்மொழி: சரியாகச் சொன்னாய். சிறுநீரக ஸ்கேனில் இடது எவ்வளவு வேலை செய்கிறது, வலது எவ்வளவு என்று தனித்தனியாக எண்ணே வந்துவிடும். காலையில் முதலில் ஹாட் லேப், அதாவது கதிரியக்க மருந்து தயாரிக்கிற அறை. அங்கே ஜெனரேட்டர் என்ற பெட்டிக்குள் கதிரியக்க மாலிப்டினம் இருக்கும், அது சிதைந்து டெக்னீசியம் ஆகிக்கொண்டே இருக்கும், நாங்கள் உப்புத் தண்ணீர் விட்டு அதைப் பிரித்து எடுப்போம். பால் கறப்பது என்றுதான் இந்தத் துறையில் சொல்வார்கள். அதில் மாலிப்டினம் கலந்து வந்துவிட்டதா என்று சோதித்து, எலும்புக்கு ஒரு மருந்து, இதயத்துக்கு ஒரு மருந்து என்று கலந்து, ஆளுக்குத் தகுந்தபடி அளந்து சிரிஞ்சில் எடுக்கணும். உடம்பிலிருந்து வரும் கதிரைப் படமாக்கும் காமா கேமரா சரியாக இருக்கிறதா என்று தினமும் பார்க்கணும். பெட் (PET) ஸ்கேன் என்று இன்னொரு வகை இருக்கிறது, அதன் மருந்து 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், மருந்து வரும் வண்டி தாமதமானால் அன்றைய பட்டியலே மாறிவிடும், அதனால் கணக்கு மனதிலேயே ஓடணும்.

யாழினி: கணக்கு எனக்குப் பயம் இல்லை அக்கா.

தேன்மொழி: தெரியும் குட்டி. ஆனால் இன்னொன்றையும் யோசித்துக்கொள். ரேடியாலஜியில் எக்ஸ்ரே மெஷினை நிறுத்தினால் கதிர் நின்றுவிடும், இங்கே நோயாளியிடமிருந்தே வந்துகொண்டிருக்கும். அவர்கள் பெரும்பாலும் புற்றுநோய்க்காரர்கள், பயந்துபோய் வருவார்கள், கையைப் பிடித்துக்கொண்டே நிற்க முடியாது. ஊசி போடுவதற்கு முன்னாலேயே உட்கார்ந்து பொறுமையாக எல்லாவற்றையும் சொல்லிவிடணும். இதை நன்றாகச் செய்கிறவர்கள்தான் நல்ல டெக்னாலஜிஸ்ட் என்பது என் எண்ணம்.

லட்சுமி அத்தை: எனக்கு ஊசி போட்ட பெண் அப்படித்தான் பேசினாள். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

செந்தில்: வேலை கிடைக்குமா தேன்மொழி?

தேன்மொழி: கிடைக்கும் சித்தப்பா, ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காது. எக்ஸ்ரே சென்டர் தெருவுக்குத் தெரு இருக்கிறது, காமா கேமராவும் பெட் ஸ்கேனும் பெரிய ஊர்களில்தான். சென்னை, கோவை, பெங்களூர் என்று போகத் தயாராக இருக்கணும். உள்ளூரிலேயே இருக்கணும் என்றால் ரேடியாலஜியே நல்லது. 2021-இல் வந்த துணை மருத்துவப் பணிகள் சட்டத்தில் எங்கள் வேலையும் பட்டியலில் இருக்கிறது. வேலையில் சேர்ந்து ஆர்.எஸ்.ஓ. (கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி) தேர்வும் முடித்துவிட்டால் மதிப்பு கூடும், கதிரியக்கப் பாதுகாப்புக்கு அந்தத் தகுதியுள்ள ஒருவர் மையத்தில் இருந்தே ஆகணும்.

தேன்மொழி: எனக்குக் கதிரைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை, கல்லூரியைப் பற்றித்தான் கவலை. அவர்களுக்கே சொந்தமாக நியூக்ளியர் மெடிசின் துறை இருக்கிறதா? காமா கேமரா, ஹாட் லேப், பெட் ஸ்கேன் அதே வளாகத்தில் இருக்கிறதா, அல்லது கடைசி வருடத்தில் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்களா? அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின் 131 என்ற கதிரியக்க மருந்தைக் கொடுத்துத் தனி அறையில் வைக்கும் வார்டு இருந்தால் இன்னும் நல்லது, அந்தப் பயிற்சி எல்லா இடத்திலும் கிடைக்காது. படம் பார்த்தே மூன்று வருடம் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், சிரிஞ்சைக் கையில் எடுக்கவே நடுங்குவார்கள், அவர்கள் மேல் தப்பே இல்லை.

செந்தில்: அந்தக் கல்லூரி இதையெல்லாம் தகவல் புத்தகத்தில் போடவில்லை.

தேன்மொழி: அப்போது நேரில் போய்ப் பார்த்தே ஆகணும். துறை இல்லை என்றால் சேர்க்காதீர்கள் சித்தப்பா, பணம் குறைவாக இருந்தாலும் வேண்டாம். மணிப்பால் மாதிரி இடங்களுக்கு அடுத்த வருடம் முயற்சி செய்யலாம். இல்லையென்றால் பி.எஸ்சி. இயற்பியலோ வேதியியலோ முடித்துவிட்டு, மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிர்வீச்சு மருத்துவப் பிரிவில் இருக்கும் முதுநிலைப் படிப்புக்கு எழுதலாம். வழி அடைபட்டுவிடாது.

யாழினி: அப்பா, நாமே போய்ப் பார்க்கலாம்பா.

ராஜேந்திரன் மாமா: வியாழக்கிழமை காரை நான் எடுக்கிறேன். அந்த உரிமத்தை என் கண்ணாலேயே பார்க்கணும்.

தேன்மொழி: அன்றைக்கு எனக்கு மதியம்தான் டியூட்டி, காலையில் என்றால் நானும் வருகிறேன் மாமா. அட்மிஷன் ஆபீசோடு திரும்பிவிட வேண்டாம், ஹாட் லேப் வாசல் வரைக்குமாவது போய்ப் பார்க்கலாம்.

செந்தில்: சரி, காலை 7 மணிக்கெல்லாம் கிளம்பிடலாம்.