பிறர் எழுதிய நிரலுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவதில் தடுமாற்றம்: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். சுங்கை சிப்புட்டில், சிறுதோட்டக்காரர்களிடம் ரப்பர் வாங்கும் நிலையம் ஒன்றில் கணினிப் பொறுப்பில் இருக்கிறேன். எடையைக் கொண்டு தொகை கணக்கிடும் பைத்தான் நிரல், முன்பு இருந்தவர் எழுதியது. ஏறத்தாழ 900 வரிகள். அடுத்து வருபவருக்குப் புரிய வேண்டுமென்று வரிக்கு வரி குறிப்பு எழுதத் தொடங்கினேன். 200 வரிகள் முடித்துத் திரும்பப் படித்தால் எனக்கே எதுவும் தெளிவாகவில்லை. எடுத்துக்காட்டு:

# எடையை 0.97 ஆல் பெருக்குகிறோம்
எ = எ * 0.97

எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
ஐயா, பெருக்குகிறோம் என்பதை அந்த வரியே சொல்லிவிடுகிறது. படிப்பவருக்கு வேண்டியது, ஏன் 0.97 என்பதுதான். நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ கருவியில் சேமித்திருந்தால், அந்த வரியை யார், எப்போது, எந்தப் பதிவில் மாற்றினார் என்பதை ‘கிட் பிளேம்’ கட்டளை காட்டும்; அந்தப் பதிவின் குறிப்பை ‘கிட் ஷோ’ கட்டளையால் படிக்கலாம். இல்லையென்றால் நிரலை மூடி வைத்துவிட்டு, தராசடியில் நிற்பவரிடம் போய்க் கேளுங்கள்.

கேட்டவர்:
கிட் இல்லை. எடை போடும் பெரியவரிடம் கேட்டேன். கட்டிப்பாலில் (கோப்பையிலேயே உறைந்த ரப்பர் பால்) நீர் வடிந்து எடை குறையும் என்பதால் இங்கு 3 விழுக்காடு கழிப்பது வழக்கமாம். காய்ந்த ஷீட்டுக்கு (தகடாக்கி உலர்த்திய ரப்பர்) கழிவே கிடையாதாம். நிரலோ இரண்டுக்கும் கழிக்கிறது! குறிப்பைத் தமிழிலேயே எழுதலாமா?

மறுமொழி 2:
பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும். ஆகவே ‘எ’ என்பதை ‘கட்டிப்பால்_எடை’ என்றும், 0.03 என்பதை ‘நீர்க்கழிவு’ என்றும் பெயரிட்டாலே பாதிக் குறிப்புகள் தேவைப்படா. ஆனால் உங்களுக்குப் பின் வருபவர் தமிழ் படிக்கத் தெரியாத மலாய் நண்பராகவும் இருக்கலாம் என்பதால், அலுவலகத்தில் எல்லோரும் படிக்கும் மலாயில் எழுதுவதே நியாயம் என்பது என் கருத்து. ஒவ்வொரு செயற்கூற்றின் (ஒரு வேலையைச் செய்யும், பெயரிட்ட நிரல் பகுதி) முதல் வரியிலும் மும்மேற்கோளுக்குள் ஒரு விளக்கச்சரம் வையுங்கள்: எது உள்ளே வருகிறது, கிலோவா கிராமா, எது வெளியே போகிறது என்று. ‘ஹெல்ப்’ கட்டளை அதை அப்படியே எடுத்துக் காட்டும். அதற்கான மரபை 2001இல் வெளியான பெப் 257 என்ற பைத்தான் ஆவணம் வகுத்துள்ளது. கழிவின் காரணத்தையும் யாரிடம் கேட்டறிந்தீர்கள் என்பதையும் அந்த எண்ணுக்கு மேலேயே எழுதுங்கள். தனிக் கோப்பில் எழுதினால், எண்ணை மாற்றுகிறவர் அதைத் திறந்து பார்க்கமாட்டார்.

கேட்டவர்:
மிக்க நன்றி. எழுதிய 200 வரிக் குறிப்புகளையும் நீக்கிவிட்டு, கட்டிப்பாலுக்கும் ஷீட்டுக்கும் தனித்தனிச் செயற்கூறு அமைத்திருக்கிறேன். ஷீட் கொண்டுவந்தவர்களுக்கு இதுவரை குறைத்துக் கொடுத்த தொகையைப் பட்டியலிட்டு மேலாளரிடம் ஒப்படைத்துள்ளேன்.