பவர்ட் ஸ்பீக்கரும் ஆக்டிவ் ஸ்பீக்கரும் ஒன்றா?

சாட்ஸ்வொர்த்காரன்:
வரவேற்பறைக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறேன். தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைக்க இடமில்லை, அதனால் ஆம்ப் உள்ளேயே இருக்கிற ஜோடிதான் வேண்டும். டர்பனில் ஒரு கடையில் ஆடியோஎன்ஜின் ஏ5+, யமஹா எச்எஸ்5 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டும் ஆக்டிவ்தான், பிடிச்சதை எடுங்க" என்றார்கள். லெனாசியா அக்கா முன்பு இங்கே இரண்டும் வேறு வேறு என்று எழுதியிருந்தார். நான் அதிகம் கேட்பது நாதஸ்வரம், தவில், பழைய டி.எம்.எஸ். பாட்டு. எதை எடுக்கலாம்?

லெனாசியா அக்கா:
தம்பி, கடையில் சொன்னது தப்பு. க்ராஸ்ஓவர், அதாவது சத்தத்தை உயர்ந்த ஸ்வரம், தாழ்ந்த ஸ்வரம் என்று பிரிக்கிற பகுதி, எங்கே இருக்கிறது என்று பாருங்கள், விஷயம் முழுக்க அதில்தான். ஏ5+ல் இடது பெட்டிக்குள் ஒரு ஸ்டீரியோ ஆம்ப், பக்கத்துக்கு 50 வாட். ஆம்பைத் தாண்டி வந்த பிறகுதான் காயிலும் கெபாசிட்டரும் சத்தத்தைப் பிரித்து ட்வீட்டருக்கும் (உயர்ந்த ஸ்வரத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) வூஃபருக்கும் (தாழ்ந்த ஸ்வரத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) தனித்தனியாக அனுப்புகின்றன. வலது பெட்டி, உள்ளே ஆம்ப் இல்லாத சாதாரண பாசிவ் ஸ்பீக்கர், ஸ்பீக்கர் வயர் ஒன்று போனால் போதும். இது பவர்ட்.

எச்எஸ்5ல் சிக்னல் சின்னதாக இருக்கும்போதே, ஆம்புக்கு முன்னாலேயே பிரிந்துவிடும். வூஃபருக்கு 45 வாட், ட்வீட்டருக்கு 25 வாட் என்று ஆளுக்கொரு ஆம்ப். ஆம்புக்கும் வூஃபருக்கும் நடுவில் காயில் கிடையாது. இதுதான் ஆக்டிவ். காசு ஒன்றே என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆக்டிவ் எடுங்கள்.

மரிட்ஸ்பர்க் ஒலி:
அக்கா சொன்ன சர்க்யூட் சரி. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்வதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோயில் திருவிழாக்களுக்கு சவுண்ட் போடுகிறவன் நான். ஆக்டிவ் என்று எழுதி ஒட்டிய எத்தனையோ பெட்டிகளில் குரல் மூக்கடைத்தது போல வரும். ட்யூனிங் சரியில்லை என்றால் எத்தனை ஆம்ப் போட்டும் பலனில்லை. கெஃப் எல்எஸ்50 மெட்டா சுத்தமான பாசிவ். அதன் க்ராஸ்ஓவரை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள், அதனால் நன்றாகப் பாடுகிறது. க்ராஸ்ஓவர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை விட அதைச் செய்தவனுக்குக் காது இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

லெனாசியா அக்கா:
செய்கிறவரின் திறமை இரண்டுக்கும் பொதுதானே? அதே ஆளிடம் இரண்டு வழியையும் கொடுத்துப் பாருங்கள். 1976ல் லிங்க்விட்ஸ், ரைலி என்ற இரண்டு இன்ஜினியர்கள் கொடுத்த க்ராஸ்ஓவரில் ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு, அதாவது இரண்டு பக்கத்தையும் கூர்மையாகப் பிரித்துவிடும். சின்ன சிக்னலில் அதைச் செய்ய மலிவான சிப் சில போதும். ஆம்புக்குப் பின்னால் செய்வதென்றால் காயில் மேல் காயில் சேர்க்க வேண்டும். காயிலின் ரெசிஸ்டன்ஸ் பவரைத் தின்னும், வூஃபர் மேல் ஆம்புக்கு இருக்கிற பிடியும் தளரும்.

தம்பி கேட்பது தவில். தொப்பிப் பக்கம் குச்சி விழும் அடிக்கு, வால்யூம் ஏற்றியிருந்தால், பவர்ட்டின் ஆம்ப் கிளிப் ஆகும், அதாவது தாங்காமல் அலையின் உச்சியை வெட்டிவிடும். அதே ஆம்பில்தான் நாதஸ்வரமும் ஓடுகிறது, அதுவும் சேர்ந்து கரகரக்கும். கிளிப்பிங்கில் பிறக்கிற மேல் அலைகள் க்ராஸ்ஓவர் வழியாக நேரே ட்வீட்டருக்குப் போகும். பார்ட்டி வைத்த வீட்டில் ட்வீட்டர் கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக்டிவில் வூஃபர் ஆம்ப் திணறினாலும் ட்வீட்டர் பாட்டுக்கு சுத்தமாகப் பாடும்.

பீனிக்ஸ் தம்பி:
அண்ணே, கடையில் அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வழி. ஒரு பெட்டியிலிருந்து மற்றதுக்கு இரண்டு கம்பி மட்டும் போனால் அது பவர்ட். இரண்டு பெட்டிக்கும் தனித்தனி பிளக் இருந்தாலோ, இடையில் நாலு கம்பி கேபிள் ஓடினாலோ, ஆக்டிவாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய ஸ்பெக்கில் வாட் எப்படிப் போட்டிருக்கிறது பாருங்கள். வூஃபருக்கு இவ்வளவு, ட்வீட்டருக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருந்தால் ஆக்டிவ்.

மரிட்ஸ்பர்க் ஒலி:
கிளிப்பிங் பற்றி அக்கா சொன்னது உண்மை. ஆனால் அந்த வால்யூமில் வரவேற்பறையில் யார் கேட்கிறார்கள்? நான் கவலைப்படுவது ஆயுளைப் பற்றி. டர்பன் கடலோரத்தில் ஒரு நண்பர் வீட்டுப் பவர்ட் பெட்டியைத் திறந்தேன். ஆம்ப் போர்டில் கெபாசிட்டர்கள் தலை வீங்கிக் கிடந்தன, கனெக்டர் முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது. எல்லாம் உப்புக்காற்று. அதே பெட்டியில் க்ராஸ்ஓவர் காயில், கட்டைவிரல் தடிமனுக்குச் சுற்றிய செம்பு, புதுசு போல இருந்தது. ஆம்ப் போர்டைக் கழற்றிவிட்டு, க்ராஸ்ஓவருக்கு நேராக வயர் கொடுத்து, பின்னால் இரண்டு டெர்மினல் போட்டேன். இப்போது பழைய ஆம்ப் ஒன்றில் பாசிவாக ஓடுகிறது. ஆக்டிவில் இப்படிச் செய்ய முடியாது, உள்ளே பாசிவ் க்ராஸ்ஓவரே இல்லையே. அதே போர்டு கிடைத்தால்தான் உயிர்.

இன்னொன்று, மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும் நொடியில் அடிக்கிற சர்ஜை (திடீர் மின்னழுத்த ஏற்றம்) நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எச்எஸ்5 போன்ற ஆக்டிவ் ஜோடியில் இரண்டு பெட்டியும் சுவரில் செருகியிருக்கும், அடி இரண்டுக்கும் விழும்.

லெனாசியா அக்கா:
அதற்கு நல்ல சர்ஜ் ப்ரொடெக்டர் போடுங்கள். பவர்ட் வைத்திருப்பவருக்கும் அது வேண்டும். பழுதாகும் என்று பயந்து கம்மியான சத்தத்தோடு பத்து வருஷம் வாழச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

சாட்ஸ்வொர்த்காரன்:
சோஃபாவிலிருந்து ஸ்பீக்கருக்கு மூன்று மீட்டர் இருக்கும். ராத்திரி மெதுவாகத்தான் வைப்பேன். டிவியோடும் இணைக்க வேண்டும்.

மரிட்ஸ்பர்க் ஒலி:
அப்படியென்றால் ஏ5+. எச்எஸ்5ல் ஸ்டுடியோவில் பயன்படும் எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டும் பெரிய ஜாக் சாக்கெட்டும்தான், வீட்டு சாதனங்களில் இருக்கிற ஆர்சிஏ சாக்கெட் கிடையாது. டிவிக்கு கன்வெர்ட்டர் தேட வேண்டிவரும். ஆக்டிவில் ட்வீட்டர் நேராக ஆம்போடு சேர்ந்திருப்பதால் பாட்டு நின்றதும் மெல்லிய 'ஸ்ஸ்' கேட்கலாம், ராத்திரி அது உறுத்தும்.

லெனாசியா அக்கா:
எச்எஸ்5 போன்ற ஸ்டுடியோ மானிட்டரை ஒரு மீட்டரில் உட்கார்ந்து கேட்டால் அந்த 'ஸ்ஸ்' உறுத்தும், மூன்று மீட்டரில் உறுத்தாது. கன்வெர்ட்டரும் பெரிய செலவில்லை. தம்பி, உங்களுக்குப் பழக்கமான தவில் பதிவு ஒன்றை போனில் எடுத்துப் போங்கள். வீட்டில் வைக்கிற வால்யூமில் இரண்டிலும் கேளுங்கள், அப்புறம் ஒருதரம் நன்றாக ஏற்றிக் கேளுங்கள். ஏற்றியபோது எதில் நாதஸ்வரம் கரகரத்தது என்று இங்கே வந்து எழுதுங்கள். ஏ5+ கரகரக்கவில்லை என்றால் அதையே எடுங்கள், நான் மறுபேச்சு பேச மாட்டேன்.