ஹரித்வார் வஹியில் (தீர்த்தப் புரோகிதர்களான பண்டாக்கள் வைத்திருக்கும் வம்சாவளிப் பேரேடு) குடும்பப் பெயர் பார்த்த அனுபவம் யாருக்காவது உண்டா?

லூதியானா மருமகள்:
என் மாமனார் வீட்டுக்காரங்க 1947ல லாயல்பூர்ல இருந்து (இப்போ ஃபைசலாபாத்) வந்த சர்தார்ங்க. ஊர்ப் பேரைக் கேட்டதும் பண்டா, “அது 1890கள்ல கால்வாய் வந்தப்புறம் குடியேறின ஊரு. அதுக்கு முன்னாடி எங்கே?”ன்னாரு. ஜலந்தர் பக்கத்துக் கிராமத்தைச் சொன்ன பிறகுதான் நீளமான அந்த வஹி வெளியே வந்துச்சு. மாமாவோட தாத்தா அஸ்தி கரைக்க வந்தப்ப குர்முகியில போட்ட கையெழுத்து, அதுக்குக் கீழே பேரன்கள் பேரு. மாமாவுக்கும் அவங்க அண்ணனுக்கும் நடுவுல இன்னொரு பையன் பேரு இருந்துச்சு. வீட்டுல யாருமே சொன்னதில்ல. மாமா அதை மறுபடி படிக்கச் சொன்னாங்க. அப்புறம் இன்னொரு தடவை. லூதியானா வர்ற வரைக்கும் வாயே திறக்கல. வயசு 85 தாண்டிடுச்சு. அதைப் பத்திக் கேக்கலாமா?

அமிர்தசரஸ் கண்ணன்:
சீக்கியருக்கு ஹரித்வார் எதுக்குங்க? குரு நானக் அங்கேயே மேற்கே பார்த்துத் தண்ணி இறைச்சு, முன்னோருக்குத் தண்ணி விடுற சடங்கைக் கேள்வி கேட்டவர். அஸ்திக்குக் கீரத்பூர் சாஹிப் இருக்கு. பாரம்பரியம் பார்க்கணும்னா தேரா பாபா நானக் போங்க. குருவோட சோலாவை, அதாவது அங்கியை, அவர் வம்சத்து பேடி குடும்பம் தலைமுறை தலைமுறையா காப்பாத்துது. நான் போனப்ப, பள்ளிச் சீருடையில இருந்த அந்த வீட்டுப் பையன் கண்ணாடிக்குள்ள தெரிஞ்ச அரபி எழுத்தைக் காட்டி, “அப்பாவுக்கு அப்புறம் இது என் பொறுப்பு”ன்னான். இன்னும் காதுல இருக்கு.

பட்டியாலா ரவி:
கண்ணன், நம்பிக்கை வேற, பதிவு வேற. அஸ்தி கீரத்பூர் போக ஆரம்பிச்ச பிறகு நிறைய சீக்கியக் குடும்பங்களுக்கு வஹியில புதுப் பதிவு நின்னுபோச்சு. பிரிவினையில வீட்டுப் பத்திரமெல்லாம் போனவங்களுக்கு மிச்சம் அந்தப் பழைய பக்கம்தான். அதைத் தேடிப் போறது தப்பில்ல.

எங்க வீட்டு ஓனர், கையால எழுதின பழைய பீர் (குரு கிரந்த் சாஹிப் பிரதி) ஒண்ணை அகன் பேட்டுக்காக, அதாவது பழைய பிரதிகளை மரியாதையோட எரிக்கிற சடங்குக்காக, கோயிந்த்வாலுக்கு அனுப்பிட்டாரு. கடைசி ஏட்டுல பிள்ளைங்க பிறந்த தேதி இருந்ததை அவர் மக கேட்டப்பதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்துச்சு.

அதனால மருமகள், சொல்றதைக் கேளுங்க. பழைய பீர், பட்டயம், நிலப் பத்திரம் எதையும் முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் பார்க்காம வெளியே கொடுக்காதீங்க. லேமினேஷன் வேண்டவே வேண்டாம், தாள் கெட்டுப்போகும். சண்டிகர்ல பஞ்சாப் டிஜிட்டல் லைப்ரரி 2003ல இருந்து பழைய ஏடுகளை டிஜிட்டலாக்குற வேலையைப் பண்ணுது, பேசிப் பாருங்க. ஹரித்வார் வஹிகளை யூட்டா வம்சாவளிச் சங்கம் மைக்ரோஃபிலிம் எடுத்து வெச்சிருக்கு, உங்க பண்டாவோடது அதுல இருக்கான்னு தேடுங்க. புகைப்படத்துக்குப் பின்னாடி பேரைப் பென்சில்ல எழுதுங்க, பேனா வேண்டாம். பெண்கள் பேரு வஹியில பெரும்பாலும் விடுபட்டிருக்கும், அதை நீங்களே தனியா எழுதி வைங்க.

தில்லி வாசுகி:
ரவி, அவங்க கேட்டது வேற. மருமகள், மாமாகிட்ட தாராளமா கேளுங்க. என் தோழியோட பீஜி (பாட்டி) கிட்ட நாங்க கேட்டோம். பிரிவினையப்போ காஃபிலாவுல (அகதிகள் கூட்டத்துல) நடந்து வந்தப்ப காய்ச்சல்ல போன தங்கச்சியைப் பத்தி, அவ கால்ல போட்டிருந்த கொலுசு வரைக்கும் சொன்னாங்க. இத்தனை வருஷம் யாரும் கேக்கலையேன்னு எங்க மேல கோபமும் பட்டாங்க.