பி.எட். கனவும் பட்டப்படிப்புப் பாடமும்: எங்கே இடித்தது?

செஞ்சிக்காரி
பி.எஸ்சி. இயற்பியல், அதன் பிறகு ஆசைக்காக எம்.ஏ. ஆங்கிலம். பி.எட். சேர்க்கையில் இளநிலைப் பாடத்தைப் பார்த்து இடம் தந்துவிட்டார்கள். இனி கவலையில்லை என்றிருந்தேன். முதுகலை ஆசிரியர் பணிக்கான சான்றிதழ் சரிபார்ப்பில், மேசைக்கு அந்தப்புறம் இருந்தவர் இரண்டு பட்டங்களையும் அருகருகே வைத்தார். 'இயற்பியல்' மேல் ஒரு விரல், 'ஆங்கிலம்' மேல் ஒரு விரல். வாயே திறக்கவில்லை. "கிராஸ் மேஜர் அம்மா" என்று வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்தான் சொன்னார். இளநிலை ஒரு பாடம், முதுகலை வேறு பாடம் என்றால் அப்படித்தான் சொல்வார்களாம். அந்த இரண்டு விரல்களும் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

வரவு செலவு
நீங்கள் மேசை வரையாவது போனீர்கள். நான் பி.காம். முடித்த கையோடு விண்ணப்பம் வாங்கப் போனேன். "எம்.காம். இருக்கிறதா?" என்றார்கள். வணிகவியலுக்கும் பொருளியலுக்கும் முதுகலை இருந்தால்தான் பி.எட். என்பது அந்த ஜன்னலில்தான் தெரிந்தது. வெளியே அப்பா, சட்டைப்பையில் கட்டணப் பணத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நின்றிருந்தார். "நாளைக்கு வரச் சொன்னார்கள்" என்று பொய் சொன்னேன்.

தாவரவியல் டீச்சர்
செஞ்சிக்காரி, அதிகாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. இளநிலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்று அறிவிக்கையிலேயே இருக்கும். நாம்தான் விண்ணப்பிக்கும் தேதியை மட்டும் பார்க்கிறோம்.

என் கதை இரண்டு வரிதான். சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். 'தாவர உயிரியல் மற்றும் தாவர உயிர்த்தொழில்நுட்பம்' என்று அச்சிட்டிருந்தது. "இதில் தாவரவியல் எங்கே?" என்றார் எழுத்தர். இணையான பட்டம் என்னும் அரசாணை நகலை நீட்டினேன், முடிந்தது.

கல்லூரியில் சேரப்போகும் பிள்ளைகள் கேளுங்கள். பாடத்தின் பெயர் புதுமாதிரியாக இருந்தால், எந்தப் பள்ளிப் பாடத்துக்கு இணை என்று சேரும் முன்பே அரசாணையைத் தேடுங்கள். துணைப்பாடத்தை நம்பாதீர்கள், முதன்மைப் பாடம்தான் கணக்கு. பி.எட். சேரப் பட்டப்படிப்பு மதிப்பெண்ணும் முக்கியம்: பொதுப்பிரிவுக்கு 50 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40. முன்பு பி.எட். ஓராண்டு, 2015 முதல் ஈராண்டு. ஆகவே தவறினால் நட்டமும் இரட்டிப்பு. முதுகலையைத் தொலைநிலையில் படித்தாலும் அதே பாடத்தையே எடுங்கள். ஆசைக்குப் படிப்பதை வேலை கிடைத்த பிறகு படிக்கலாம்.

செஞ்சிக்காரி
டீச்சர், நான் அவரைக் குறை சொல்லவே இல்லையே. அவர் விரல்களைத்தான் சொன்னேன். ஆங்கிலம் படித்ததற்கும் வருத்தமில்லை.

வரவு செலவு
டீச்சர், இதே அறிவுரையை 3 வருடம் முன்பே எழுதியிருக்கக் கூடாதா? எம்.காம். இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். அன்று சொன்னது பொய் என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.