சாயப்பட்டறை விறகுக் கணக்கு: ஷேடு வாரியாகப் பிரித்தவர்கள் உண்டா?

பெங்களூரு ஆடை நிறுவனங்களில் கார்பன் கணக்குப் பார்க்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் நிறுவனத்தின் உமிழ்வுக் குறைப்பு இலக்கை எஸ்பிடிஐ (நிறுவனங்களின் காலநிலை இலக்குகளைச் சரிபார்க்கும் சர்வதேச அமைப்பு, SBTi) சரிபார்ப்புக்கு அனுப்ப வேண்டும். ஸ்கோப் 1 (நாமே எரிப்பது, கசியவிடுவது), ஸ்கோப் 2 (வாங்கும் மின்சாரம்) சுலபம்: கடைகளின் கரன்ட் பில், ஜெனரேட்டர் டீசல், ஏசி கேஸ். ஸ்கோப் 3, அதாவது சப்ளையர்கள் உள்ளிட்ட மற்றவர்கள் வழியாக வரும் உமிழ்வு, மொத்தத்தில் 40 சதவீதத்தைத் தொட்டால் அதற்கும் இலக்கு வைத்தாக வேண்டும். துணி வியாபாரத்தில் தொடாத கம்பெனி ஏது?

இதுவரை ஸ்கோப் 3-க்குக் கொள்முதல் ரூபாயை வைத்துத்தான் கணக்கு. பேரம் பேசி விலையைக் குறைத்தால் காகிதத்தில் உமிழ்வும் குறைந்துவிடும், சுத்த அபத்தம். அதனால் துணியின் கிலோ கணக்குக்கு மாறுகிறோம்.

திருப்பூர் சாயப்பட்டறையில்தான் மாட்டிக்கொண்டோம். விறகு பில் டன்னில் கிடைக்கிறது, ஆனால் ஒரே பாய்லர் ஸ்டீமில் பல பையர்களின் (துணி வாங்கும் நிறுவனங்களின்) துணி ஓடுகிறது. கிலோவுக்குச் சமமாகப் பிரித்தால் வெளிர் நிறமும் கறுப்பும் ஒன்றாகிவிடும். கறுப்புக்குச் சோப்பு வாஷ் கூடுதல், ஸ்டீமும் கூடுதல். ஷேடு (நிற அடர்த்தி) வாரியாகப் பிரிக்கும் எக்செல் யாரிடமாவது இருக்கிறதா? விறகின் கார்பன் டை ஆக்சைடைத் தனியாகக் காட்டி, மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் மட்டும் ஸ்கோப்புக்குள் சேர்க்கிறோம்.

சொந்தக் காற்றாலை உள்ள பட்டறைகளின் மின்சார உமிழ்வுக்குப் பூஜ்யம் போடுமுன், அந்த மின்சாரத்துக்கு ஆர்இசி (புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ்) விற்கவில்லை என்று எழுதி வாங்க வேண்டும். தமிழில் அப்படிக் கடித மாதிரி இருந்தால் அனுப்புங்கள்.

முறை மாறி 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அடிப்படை ஆண்டின் (இலக்கை ஒப்பிடும் தொடக்க ஆண்டின்) கணக்கையும் திரும்பப் போடவேண்டும். பழைய விறகு பில்லே இல்லாத ஜாப் வொர்க் (கூலிக்குச் சாயம் போடும்) பட்டறைகளுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?